கடன் தாராளம், மூலதனம் எங்கே?

இலங்கைப் பொருளாதாரம் மீண்டுவருகிறது என்ற பேச்சு 2024 முதல் பலமாகக் கேட்கிறது. ஆதாரம் இல்லாத பேச்சென்று அதைத் தள்ளிவிட முடியாது. வெளிநாட்டுக் கடன்களைக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்த நாடு இது. அதே ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் கொடுத்தது. 2024இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. வறுமை மட்டும் அந்த வேகத்தில் இறங்கவில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2019இல் 11 சதவீதத்தை ஒட்டியிருந்த வறுமை 2023இல் 25ஐத் தாண்டியது. வளர்ச்சி திரும்பிய ஆண்டிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வறியவராகவே இருந்தார்.

இந்த மீட்சியில் பெண்களின் இடம் எது? உழைக்கும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர்தான் தொழிற்படையில் இருக்கிறார். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். வேலை தேடியும் கிடைக்காத நிலை பெண்களிடம் ஆண்களைவிட ஏறக்குறைய இருமடங்கு. 2013/14 பொருளாதாரத் தொகைமதிப்பின்படி தொழில் நிலையங்களில் நான்கில் ஒன்றே பெண்ணின் உடைமை. இந்த எண்களை முன்வைக்கும் அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே பரிந்துரையில் வந்து முடிகின்றன: பெண்களுக்குக் கடன் கொடுங்கள், பயிற்சி கொடுங்கள், தொழில்முனைவோர் ஆக்குங்கள்.

வடக்கு கிழக்கின் கிராமங்களை மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்தப் பரிந்துரை பிழையான இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது என் முடிவு. அங்குள்ள பெண்களுக்குக் கடன் கிடைக்காமல் போனதில்லை. 15 ஆண்டுகளாக அது வீட்டு வாசலுக்கே வந்தது. வந்த பணத்தின் நிபந்தனைகள்தான் அவர்களைச் சாய்த்தன.

போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், அன்றைய பிரதி அமைச்சர் எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லா கிழக்கில் 49,000, வடக்கில் 40,000 போர் விதவைகள் இருப்பதாகச் சொன்னார். கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், கணவன் அங்கவீனமானவர்கள், பிரிந்து தனித்தவர்கள் என்று குடும்பச் சுமை பெண்ணின் தலையில் விழுந்த வீடுகள் இன்னும் அதிகம். இவர்களுக்கு முதலில் கிடைத்தது 'வாழ்வாதார உதவி'. பத்துக் கோழி, இரண்டு ஆடு, ஒரு தையல் மெசின். கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரே குறிச்சியில் எல்லாருக்கும் தையல் மெசின் கொடுத்தால் யாருடைய சட்டையை யார் தைப்பது? கோழிக்குத் தீன் வாங்கவும், நோய் வந்தால் மருந்து வாங்கவும், முட்டையை நகரச் சந்தைக்கு அனுப்பவும் அடுத்த பணம் தேவை. உதவித் திட்டம் முதல் தவணையோடு முடிந்துவிட்டது.

அதே காலத்தில் வீட்டுத்திட்டங்கள் வந்தன. இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்தது. பயனாளியே நின்று கட்டுவிக்கும் முறை. ஊரெல்லாம் ஒரே நேரத்தில் கட்டியதால் மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் ஏறின. கூரை போட நகை அடகுக்குப் போனது, கதவு யன்னலுக்குக் கடன் வாங்கப்பட்டது. ஏ-9 வீதி திறந்ததும் வடக்கே வந்த நிதி நிறுவனங்கள் லீசிங்கையும் குழுக்கடனையும் விற்கத் தொடங்கியபோது, கடன் வாங்கும் தேவையோடு ஒரு சமூகமே காத்திருந்தது. வருமானம் தரும் தொழில் இன்னும் முளைக்காத இடத்தில் கிழமைத் தவணை மட்டும் முளைத்தது.

குழுக்கடன் எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கேடு முழுவதும் அந்த இயக்கத்துக்குள் இருக்கிறது. அயலிலுள்ள மூன்று முதல் ஐந்து பெண்கள் ஒரு குழு. காணி உறுதியோ நகையோ கேட்கமாட்டார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதுதான் பிணை. கிழமையில் ஒரு நாள் ஒரு வீட்டில் கூட்டம், அலுவலர் வந்து தவணையை எண்ணி வாங்குவார். ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து தவணை தவறினால் கேட்பது நிறுவனமல்ல, பக்கத்து வீட்டுக்காரி. போரிலும் முகாமிலும் ஒருவருக்கொருவர் துணை நின்ற அயல் உறவையே பிணையாக எடுத்துக்கொண்ட வணிகம் இது.

வட்டியைச் சொல்லும் விதமும் ஏமாற்றக்கூடியது. 50,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 24 சதவீதம், 52 கிழமையில் கட்டி முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபாய். கேட்க நியாயம்போலத் தெரியும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறது, வட்டி மட்டும் முழு 50,000க்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. கையில் உண்மையில் இருந்த பணத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஆண்டு வட்டி 44 சதவீதத்துக்கு அருகில் வரும். அதோடு ஆவணக் கட்டணம், காப்புறுதி, தாமதக் கட்டணம். 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, 40 முதல் 220 சதவீதம் வரையான வட்டிகளைப் பற்றி எழுதினார். எந்தக் கோழிப்பண்ணையும் எந்தத் தையல் கடையும் இந்த வட்டியைக் கட்டி இலாபம் பார்க்காது. ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன், அதைக் கட்ட மூன்றாவது. உயிரை மாய்த்துக்கொண்ட பெண்களும் உண்டு.

அரசு கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் பாதியே திறந்தது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்பு வாங்கும் நிறுவனங்களை மட்டுமே அனுமதிப்பத்திரத்தின் கீழ் கொண்டுவந்தது. கடன் மட்டும் கொடுப்பவர்கள் வெளியே நின்றார்கள். 2018இல் நிதியமைச்சர் மங்கள சமரவீர, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்று மூன்று மாதத்துக்கு மேல் கட்டத் தவறிய, ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை நீக்கும் திட்டத்தை அறிவித்தார். ஆண்டு வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது. துணிவான அடி அது. ஆனால் ஒரே பெண்ணிடம் நான்கைந்து கடன் இருந்த ஊர்களில் ஒரு கடன் நீங்கிய இடத்தில் அடுத்தது வந்து உட்கார்ந்தது. 2021 மார்ச் 8ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருக்கத் தொடங்கி வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். சிங்களக் கிராமத்துப் பெண்கள் கேட்டதும் முல்லைத்தீவுப் பெண்கள் கேட்டதும் ஒன்றுதான்: இந்தக் கடனை நீக்குங்கள், எங்களால் கட்டக்கூடிய கடனைத் தாருங்கள்.

இதற்கு மேல்தான் நெருக்கடி வந்து விழுந்தது. 2021இன் இரசாயன உரத் தடை விளைச்சலைக் குறைத்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. அதில் ஓடும் படகு கடலுக்குப் போகாவிட்டால் கரையில் மீன் தெரிந்து, கருவாடு போட்டு, நண்டு பதனிட்டு உழைக்கும் பெண்ணுக்கும் கூலி இல்லை. மின்கட்டணம் அதே மாதம் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. மிளகாய்த்தூளும் அரிசிமாவும் ஒடியல்மாவும் அரைத்துப் பொதி செய்து விற்கும் வீட்டுத்தொழிலுக்கு மின்சாரம்தான் முதற்செலவு. வங்கி வட்டியும் ஒரே நாளில் எகிறியது: 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மீட்சியின் செலவை முதலில் கட்டியவர்களில் இந்தப் பெண்களும் இருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வந்து, எஞ்சியிருந்த பயிரையும் கருவிகளையும் பலரிடமிருந்து எடுத்துச் சென்றது.

பெண்ணின் கையில் மூலதனம் கொடுத்தால் அது வளருமா என்ற கேள்விக்கு இலங்கை மண்ணிலேயே விடை தேடிய ஆய்வுகள் உண்டு. உலகெங்கும் பொருளியல் மாணவர்கள் படிக்கும் ஆய்வுகள் அவை. நம் ஊர்க் கொள்கைப் பேச்சில் அவற்றின் நிழல்கூட இல்லை என்பது எனக்கு ஆற்றாமை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், உலக வங்கியின் டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் மூவரும் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில் நடத்துவோரிடையே குலுக்கல் முறையில் சிலரைத் தெரிந்து 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்தார்கள். கடனாக அல்ல, கொடையாக. ஆண்களின் தொழிலில் அந்தப் பணம் மாதா மாதம் நல்ல வருவாய் ஈட்டியது. பெண்களின் தொழிலில் சராசரி வருவாய் பூச்சியத்தை ஒட்டி இருந்தது. பெண்ணுக்குப் பணம் கொடுப்பது வீண் என்று முடிவுகட்ட விரும்புகிறவர்களுக்கு இது போதுமான சான்றாகத் தெரிந்திருக்கும்.

2019இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இந்தத் தரவுகளையும் இந்தியா, கானா தரவுகளையும் மறுபடி பிரித்துப் பார்த்தது. ஆர்யெல் பெர்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்ட், ரோகினி பாண்டே, நத்தாலியா ரிகோல் ஆகியோர் செய்தது. பெண்ணுக்குக் கொடுத்த பணம் பல வீடுகளில் கணவனின் தொழிலுக்குள் போயிருந்தது. அங்கே அது வருவாய் ஈட்டியது, பெண்ணின் கணக்கில் தெரியவில்லை. வீட்டில் அவள் தொழில் ஒன்றே தொழிலாக இருந்த இடங்களில் அவளுடைய பணமும் வளர்ந்தது. வன்னியில் தனித்து நிற்கும் பெண்ணை இந்த முடிவோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். அவள் வீட்டில் பணத்தை இழுத்துக்கொள்ள இரண்டாவது தொழில் இல்லை. முதலிட்டால் பலன் தரக்கூடிய இடங்களில் அவள் தொழிலும் ஒன்று என்று கருதக் காரணம் இருக்கிறது. அவளுக்குத்தான் நாம் 44 சதவீத வட்டியில் கடன் விற்றோம்.

பயிற்சியைப் பற்றியும் டி மெல், மெக்கென்சி, வுட்ரஃப் மூவரும் கொழும்பையும் கண்டியையும் அண்டிய பெண்களிடம் சோதித்து 2014இல் எழுதினார்கள். ஏற்கெனவே தொழில் செய்யும் பெண்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தபோது இலாபம் கூடவில்லை. பயிற்சியோடு 15,000 ரூபாயும் கொடுத்தபோது முதலில் கூடியது, இரண்டாம் ஆண்டுக்குள் மங்கிவிட்டது. புதிதாகத் தொடங்க இருந்தவர்களுக்கோ பயிற்சி உதவியது: சீக்கிரம் தொடங்கினார்கள், நன்றாகவும் நடத்தினார்கள். பிரதேச செயலக மண்டபங்களில் ஏற்கெனவே கடை நடத்துகிற பெண்களைத் திரும்பத் திரும்ப உட்காரவைத்துக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கும் திட்டங்கள் இந்த ஒரு பக்க முடிவையாவது படித்திருக்கலாம்.

அப்படியானால் வங்கி ஏன் இவளுக்குக் கொடுக்கவில்லை? கணக்கு இல்லாததால் அல்ல. வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேரளவுக்குக் கணக்கு வைத்திருக்கும் நாடு இது, ஆண் பெண் வேறுபாடு அதில் மிகச் சிறிது. தடை பிணையில் இருக்கிறது, பிணைக்குப் பின்னால் காணி, காணிக்குப் பின்னால் சட்டம். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமை பெண்ணுக்குச் சீதனமாகக் காணி கொடுக்கிறது, உறுதியும் அவள் பெயரில்தான். ஆனால் மணமான பெண் அந்தக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கிடைக்காவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கணவன் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் யாரிடம் கையெழுத்து வாங்குவது? மரணச் சான்றிதழ் எடுத்தால் அவன் இறந்துவிட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். தேடலைக் கைவிட மறுக்கும் ஒரு மனைவியிடம் கடன் விண்ணப்பத்துக்காக அதைக் கேட்பது கொடுமை. 2016இல் மரணப் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, 'காணாமற்போனமைச் சான்றிதழ்' ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எல்லா வங்கிகளும் அதைக் கடன் விண்ணப்பத்தில் கணவனின் கையெழுத்துக்கு நிகராக ஏற்க வழி செய்வது பெரிய செலவு பிடிக்கும் வேலையல்ல. வன்னியில் பலரிடம் இருப்பது அரச காணி அனுமதிப்பத்திரம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசுரிமைப் பட்டியல் மகனை மகளுக்கு முன் நிறுத்தியது. அதைத் திருத்த 2022 வரை ஆனது. திருத்தம் வந்ததால் பழைய பத்திரங்களில் உள்ள பெயர்கள் தாமாக மாறிவிடாது.

கடன் தகவல் பணியகமும் இடையில் நிற்கிறது. நிதி நிறுவனம் ஒன்றில் தவணை தவறிய பெண் அந்தப் பதிவோடு வங்கிக்குப் போனால் கதவு மூடும். அநியாய வட்டியில் வந்த கடனால் விழுந்த கறையே நியாய வட்டிக் கடனைத் தடுக்கிறது. ஆகவே புதிய நிதி எதுவானாலும் பழைய கடனைத் தீர்ப்பதை அதன் முதல் படியாக வைக்க வேண்டும்: முதலுக்கு மேல் எவ்வளவு கட்டப்பட்டுவிட்டது என்று ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்து, கட்டியது போதும் என்ற இடத்தில் முடித்து, பதிவையும் திருத்திக் கொடுப்பது. 2024இல் சிறு, நடுத்தரத் தொழில் முதலாளிகளுக்காக நீதிமன்றம் போகாமலே ஈட்டை ஏலம்விடும் வங்கிகளின் 'பராட்டே' அதிகாரத்தை அரசு இடைநிறுத்தியது. அந்தப் பரிவு நியாயமானதே. கிழமைக் கடன்காரிக்கும் அதன் ஒரு பங்கு கிடைத்திருக்க வேண்டும்.

மேலிருந்து வரும் பணமும் உண்டு. ஆசிய அபிவிருத்தி வங்கி 2016இல் 10 கோடி டொலர் கடன்வரிசை ஒன்றைத் திறந்து, உள்ளூர் வங்கிகளூடாகச் சிறு, நடுத்தரத் தொழில்களுக்குக் கொடுத்தது. பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு அதில் தனிப் பங்கு வைத்தது. பிணை இல்லாதவர்களுக்காகத் தேசிய கடன் உத்தரவாத நிறுவனமும் அதே வங்கியின் துணையோடு உருவானது. பதிவு, வரிக் கோப்பு, கணக்கறிக்கை எல்லாம் கையில் உள்ள பெண்ணுக்கு இவை உண்மையான உதவி. புதுக்குடியிருப்பில் அடுப்படியிலேயே மா வறுத்து விற்கிறவளுக்கு இந்த வாசல் இன்னும் எட்டவில்லை. உத்தரவாதம் அவளுக்கும் நீள வேண்டுமானால், அவளைத் தெரிந்த ஓர் அமைப்பு இடையில் இருக்க வேண்டும்.

அந்த அமைப்பு புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையையே 1930களில் கட்டி நடத்திய மண் இது. சங்கத்தில் அங்கத்தவர் சேமிக்கிறார், சேமிப்பைப் பார்த்துக் கடன், வட்டி குறைவு, வந்த இலாபம் மீண்டும் அங்கத்தவருக்கே. போரில் சங்கக் கட்டடங்களும் கணக்குப் புத்தகங்களும் அழிந்தன, சேமிப்பு கரைந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் போன்றவர்கள் கிராமியக் கடனுக்கு மாற்றாகக் கூட்டுறவைத் தொடர்ந்து முன்வைத்து வருகிறார்கள். நான் அந்தப் பக்கம்தான். ஆனாலும் சங்கங்களின் குறைகளை மறைத்துப் பேசுவது அவற்றுக்கே தீங்கு. அங்கத்தவரில் பெரும்பாலோர் பெண்களாக இருந்தும் தலைவர் கதிரையில் ஆண் உட்கார்ந்திருக்கும் சங்கங்கள் உண்டு. கட்சி அரசியல் புகுந்து கெட்டவையும் உண்டு. சேமிப்பு சிறிதென்பதால் கடனும் சிறிது; 30,000 ரூபாயில் அரைக்கும் இயந்திரம் வராது. வெளியிலிருந்து நீண்டகால மூலதனம் குறைந்த வட்டியில் வர வேண்டிய இடம் இதுதான். நெல் அறுவடைக்குப் பின் கட்டலாம், மாரியில் கடல் கொந்தளிக்கும்போது நிறுத்தி வைக்கலாம் என்று தவணையைத் தொழிலின் பருவத்துக்கு வளைக்கச் சங்கத்தால் முடியும். 2024 தொடக்கத்தில் நாடாளுமன்றத்துக்கு வந்த நுண்நிதி ஒழுங்குமுறைச் சட்டமூலத்தைப் பெண்ணிய அமைப்புகள் எதிர்த்ததற்கும் இதுவே காரணம்: கொள்ளை வட்டிக்காரரையும் ஊர்ச் சங்கத்தையும் ஒரே வலையில் போட்டால் வலை சங்கத்தைத்தான் இறுக்கும்.

பனம்பொருள் தொழிலில் இதை நேரே பார்க்கலாம். பினாட்டு, பாணிப் பினாட்டு, ஓலைக் கைப்பணி எல்லாம் பெண்களின் உழைப்பு. வெளிநாட்டுத் தமிழரிடம் விருப்பம் இருக்கிறது. தனியொருத்தி பொதிக்கும் சுட்டுத்துண்டுக்கும் சுகாதாரச் சான்றுக்கும் ஏற்றுமதிக் கடதாசிக்கும் அலைந்தால் ஆண்டு போய்விடும். கடைக்காரர் பொருளை வாங்கி மாதக்கணக்கில் கழித்துப் பணம் கொடுத்தால் அவளால் தாங்க முடியாது. சங்கம் கையிருப்புப் பணத்தில் அவளுக்கு அன்றே கொடுத்துவிட்டுக் கடைக்காரருக்காகக் காத்திருக்கலாம்.

தொழில்முனைவு பற்றியே இவ்வளவு பேசினாலும், எல்லாப் பெண்ணும் முதலாளியாக வேண்டியதில்லை. மாதம் முடிய ஒரு சம்பளம், சேமலாப நிதி, லீவு. பலருக்கு வேண்டியது இதுதான், அதில் குறைவேதும் இல்லை. பல்கலைக்கழகம் நுழைபவர்களில் பெண்கள் 60 சதவீதத்துக்கு மேல். அவர்கள் காத்திருந்தது அரச உத்தியோகத்துக்கு. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மாதக்கணக்கில் வீதியோரம் உட்கார்ந்ததை மறந்திருக்கமாட்டோம். செலவுக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அந்தக் கதவு இன்னும் ஒடுங்கிவிட்டது. கிளிநொச்சியில் வானவில் போன்ற ஆடைத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் இளம்பெண்களை எடுத்தன. பிள்ளை பிறந்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள். மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேலை இல்லாதவர்கள் வெளிநாடு போனார்கள்: 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள், ஆணும் பெண்ணுமாக. நாட்டை மீட்ட டொலர்களில் குவைத்திலும் சவூதியிலும் சமையலறையில் நின்ற பெண்கள் அனுப்பியதும் இருக்கிறது.

பெண்களை ஊரிலேயே வேலையில் வைத்திருக்க முதலில் வேண்டியது பிள்ளை பராமரிப்பு நிலையம். பாலர் பாடசாலை மதியத்தோடு விடுகிறது, தொழிற்சாலை மாலைவரை. இடைப்பட்ட நேரத்துக்கு அம்மம்மா இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. மாதர் சங்கக் கட்டடங்கள் பல பகலில் பூட்டிக் கிடக்கின்றன. பயிற்சி பெற்ற இரண்டு பெண்களைச் சம்பளத்துக்கு வைத்தால் அங்கே நிலையம் நடத்தலாம், அந்த இருவருக்கும் அது வேலை. அடுத்தது மகப்பேற்றுச் சம்பளம். சட்டம் 84 நாள் விடுமுறை தருகிறது, அந்தச் சம்பளம் முழுவதும் வேலை கொடுப்பவர் தலையில். ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்காரர் இளம்பெண்ணை எடுக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு ஒவ்வொரு முதலாளியும் சம்பளத்தில் 3 சதவீதம் ஏற்கெனவே கட்டுகிறார்; ஆண் ஊழியருக்கும் சேர்த்தே கட்டுகிறார். அந்த நிதியத்திலிருந்தோ, அதைப்போல எல்லாரும் சேர்ந்து கட்டும் ஒரு பொதுக் காப்புறுதியிலிருந்தோ 84 நாள் சம்பளத்தைக் கொடுத்தால், பெண்ணை வேலைக்கு எடுத்ததற்காக மட்டும் ஒரு கடைக்காரர் தனியே செலவு தாங்க வேண்டியிராது. சிறிய தொழில்களுக்கு மட்டும் முதலில் தொடங்கினாலும் போதும். வடக்கு கிழக்கில் இருக்கும் தொழில்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான்.